ராத்தாவின் வானக் கொப்பி

அன்று நோன்பு இருபத்தொன்பது. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் ஒரு மிடறு தண்ணீரோடு நோன்பைத் திறந்துவிட்டு, எங்கள் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் பின்வளவுகளுக்கு ஓடினோம். சாய்ந்தமருதில் கடல் எங்களுக்குக் கிழக்கே. பிறை தெரிவது மேற்கே, சம்மாந்துறைப் பக்கத்து வயல்வெளிக்கு மேலே. கடைசி வீட்டு மாமிதான் முதலில் கையை நீட்டினார்.

"அந்தா! அந்தத் தென்னோலைக்கு மேலால பாருங்க!"

"ஓம் ஓம், நானும் கண்டன்" என்றாள் ஒருத்தி. "ஊசி மாதிரி இரிக்கு" என்றாள் இன்னொருத்தி. எனக்கும் ஒரு வெள்ளைக் கீறல் தெரிந்தது போல இருந்தது. பெருநாளுக்கு மா இடித்து வைத்திருந்தேன், தெரியாமல் எப்படி இருக்கும்? நானும் கண்டேன் என்றேன்.

அக்கா முறையில் ராத்தா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வளவுக்காரர் மட்டும் தூரக்கண்ணாடியை இறக்கி, கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடியும் வைத்துப் பார்த்தார். கடைசி வெளிச்சம் வடியும்வரை பார்த்தார். பிறகு சொன்னார்.

"நான் காணல்ல."

இஷாத் தொழுகைக்குப் பிறகு, வெளியூரில் பிறை கண்ட சேதி பள்ளிவாசலுக்கு வந்தது. விடிந்தால் பெருநாள். காலையில் வட்டிலப்பம் கொண்டுபோய்க் கொடுத்தபோது நான் சும்மா சீண்டினேன். "பாத்தீங்களா ராத்தா, பிறை இரிந்திச்சுத்தானே!"

"இரிந்திரிக்கும் புள்ள. பெருநாளும் எடுத்தாச்சு, வட்டிலப்பமும் திண்டாச்சு. ஆனா நான் பிறையைக் காணல்ல. அது வேற, இது வேற."

அவர் இதைச் சண்டைக்காகச் சொல்வதில்லை. குரல்கூட உயராது. ஒருமுறை எங்கள் ஒழுங்கையில் கோழிச் சண்டை வந்தது. ஒருத்தியின் பேட்டுக்கோழியை இன்னொருத்தி பிடித்துக் கறியாக்கிவிட்டாள் என்பது வழக்கு. இருவரும் ராத்தாவைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். "கோழி வேலிக்குள்ளால போனதைக் கண்டன். திரும்பி வந்ததைக் காணல்ல. இடையில என்ன நடந்த எண்டு எனக்குத் தெரியா" என்றார். இரண்டு பேரும் அவரோடு கோபித்துக்கொண்டார்கள்.

அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். நெடுவல். முக்காடு பின்னால் வழுகிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் தலை எப்போதும் சற்று நிமிர்ந்தபடி இருக்கும். பகலெல்லாம் பன் புல்லில் பன்பாய் இழைப்பார். கை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்க, கண் கூரைக்கும் பாக்கு மரத்துக்கும் நடுவில் உள்ள வானத்தில் கிடக்கும். பிள்ளையில்லை. அந்தக் கவலையை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கதைத்தார். நான் அடுத்த வளவுக்காரி, அவரைவிட ஏழெட்டு வயது இளையவள், கலியாணமாகி இரண்டு வருடம். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலியும் அதில் ஒரு பெரிய பொத்தலும் இருந்தன. அந்தப் பொத்தலை அடைக்கவேண்டும் என்று இரண்டு வீட்டு ஆண்களும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஆங்கில வருடப் பிறப்பு நாள் அவருக்கு ஒரு கொண்டாட்டம். எங்கள் ஊரில் தை முதலாம் திகதியை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ராத்தா மட்டும் என் வீட்டுக்காரர் கல்முனைக் கடைத்தெருவிலிருந்து கொண்டுவரும் பத்திரிகைக்காக எங்கள் வாசற் கடப்படியிலேயே நிற்பார். வருகிற வருடத்தில் என்னென்ன கிரகணம், எந்த மாதம் விடிவெள்ளி காலையில் தெரியும், எப்போது அந்தியில் தெரியும் என்றெல்லாம் அதில் ஒரு மூலையில் போட்டிருக்கும். அதைக் கோடு போட்ட கொப்பியொன்றில் எழுதிக்கொள்வார். தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பென்சில் கோடு. அச்சில் வந்தது இடப்பக்கம். வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அந்த நாள் வந்து போனதும் அங்கே ஒரே சொல் விழும். கண்டன். அல்லது, காணல்ல.

ஐம்பத்தைந்தில் வந்த பெரிய சூரிய கிரகணத்துக்காக அவர் ஆறு மாதம் காத்திருந்தார். மண்ணெண்ணெய் விளக்கில் கண்ணாடித் துண்டைப் புகை பிடித்து, எனக்கும் ஒன்று தந்தார். அன்று காலை வானம் முழுக்க முகில். பொழுது ஏறிய பிறகு திடீரென்று அந்திபோல மங்கியது, காகங்கள் மரத்தில் அடைந்தன, யாரோ பயந்து குழறினார்கள். பிறகு வெளிச்சம் வந்துவிட்டது. ஊரே கிரகணம் பார்த்ததாகக் கதைத்தது. ராத்தா கொப்பியில் எழுதினார்: "இருட்டைக் கண்டன். கிரகணம் காணல்ல. முகில்."

தூரக்கண்ணாடி அவருடைய கணவர் வாங்கித் தந்தது. யுத்த காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விட்டுப்போன சாமான்கள் சந்தையில் விலைக்கு வந்தபோது எடுத்திருக்கிறார். இரட்டைக் குழாயில் ஒன்று பூஞ்சணம் பிடித்துக் குருடு. மற்றது தெளிவு. அதில் பார்த்தால் ஆறாமீன் என்கிற கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் ஆறல்ல, எண்ண எண்ண வந்துகொண்டே இருக்கும். அந்தக் கணவர், நிலச் சொந்தக்காரரான ஒரு போடியாரின் வயல்களைப் பார்த்துச் செய்விக்கிற முல்லைக்காரர். சம்மாந்துறைக்கும் அப்பால் வயல் வாடிக் குடிசையிலேயே கிழமை முழுக்கக் கிடப்பார். வியாழன் அந்திக்கு வந்து, ஜும்ஆ தொழுதுவிட்டு, சனிக்கிழமை போவார். வந்தால் அந்த வளவில் சிரிப்புச் சத்தம் கேட்கும். மனைவி கண்ணாடியைக் கொடுத்து, "தெரியுதா?" என்று கேட்பார். "ஓம் ஓம், நல்லாத் தெரியுது" என்பார் இவர், குருட்டுக் குழாயில் கண்ணை வைத்துக்கொண்டு. ராத்தா பொறுத்துக்கொண்ட பொய் அது ஒன்றுதான்.

ஐம்பத்தேழு கடைசியில் ரஷ்யாக்காரன் செயற்கைச் சந்திரனை விட்டான். பத்திரிகையில் வந்த நாளிலிருந்து ஊரில் அதே கதை. தேநீர்க் கடையில் பாதிப் பேர் அதைக் கண்டிருந்தார்கள். ஒருவர் அதன் சத்தத்தையும் கேட்டிருந்தார். அடுத்த மாதம் நாயொன்றை ஏற்றி இன்னொன்று போனதும், நாய் குரைத்த சத்தம் கேட்டதாகவும் சொன்னார்கள். ராத்தா சுபஹுக்கு முன்னால் கடற்கரைப் பக்கமும், மஃரிபுக்குப் பின்னால் வயல் பக்கமும் நின்று பார்த்தார். மழைக்காலம். முகில் விலகிய அந்திகள் கொஞ்சம். ஒவ்வொரு நாளும் கொப்பியில் "காணல்ல" விழுந்துகொண்டே போனது.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய கணவர் சொன்னது வேலிப் பொத்தலால் எனக்கும் கேட்டது.

"நான் கண்டிட்டன். வாடிக்கு மேலால போன."

"எந்தப் பக்கமால எந்தப் பக்கம் போன?"

"அப்படி இப்படிப் போன."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு வெத்திலை போடுற நேரம்."

ராத்தா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பன் கட்டு கீழே விழுந்தது. "பொய்க்காரன்" என்றார். "சரி, பொய்தான். மழை விட்டா நீ வாடிக்கு வா. ரெண்டு பேரும் சேந்து பாப்பம். அங்க மரமும் இல்ல, விளக்கும் இல்ல" என்றார் அவர்.

மழை விடவில்லை. மார்கழிக் கடைசியில் வெள்ளம் வந்தது. கிழக்குக் கரையில் அதை அனுபவித்தவர்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. மேற்கே எங்கோ குளக்கட்டு உடைந்தது. கதிர் வரப்போகிற வயலெல்லாம் ஒரே நாளில் கடலாகிவிட்டது. வாடியிலிருந்த மற்ற இரண்டு பேரும் மருத மரத்தில் ஏறி இரண்டு நாள் கிடந்து பிழைத்து வந்தார்கள். ராத்தாவின் கணவரோ, கட்டிக் கிடந்த எருமைகளை அவிழ்த்துவிடுவதற்காகத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். எருமைகள் மூன்று நீந்திக் கரையேறின. அவரைப் பிறகு கண்டவர் இல்லை.

அந்த இரண்டு பேரையும் ராத்தா முற்றத்தில் இருத்திக் கேட்டார். "தண்ணி அவரைக் கொண்டு போனதைக் கண்டீங்களா?"

"இல்ல ராத்தா. மழை. கையெட்டின தூரமும் தெரியல்ல."

"கூப்பிட்ட சத்தம் கேட்டதா?"

"இல்ல."

அவர் அழவில்லை. நாங்கள் எல்லோரும் சுற்றியிருந்து அழுதோம். கடைசி வீட்டு மாமி மாரடித்து அழுதார். ராத்தா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதைகள் அறுந்திருந்ததால் அந்த வருடப் பிறப்புப் பத்திரிகை பல நாள் பிந்தித்தான் வந்தது. முதலாவது செயற்கைச் சந்திரன் எரிந்து விழுந்துவிட்டது என்ற சேதி அதற்குப் பிறகு வந்தது. நான் வாசித்துச் சொன்னேன். "விழுந்ததை ஆரும் கண்டதாமா?" என்று கேட்டார். அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை. அவர் கொப்பியை எடுக்கவுமில்லை.

ஒவ்வொரு வியாழக்கிழமை அந்தியிலும் அந்த வளவில் இரண்டு பேருக்கு உலை வைக்கிற சத்தம் கேட்டது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. ஒரு நாள் பொத்தலால் போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "ராத்தா, ஒருக்கா அழுதிடுங்க. வாய் விட்டு அழுதிடுங்க."

"காணாம எப்படிப் புள்ள அழுற?" என்றார். "நான் அழுதா, அவரு மவுத்து எண்டு நான் சொன்ன மாதிரி ஆயிடும்."

ஆறு கிழமைக்குப் பிறகு, வெள்ளம் வற்றிய ஒரு ஆற்றோரப் பன் பற்றையில் ஒரு மையத்து கிடைத்தது. முகம் இல்லை. ஆள் யாரென்று சொல்ல உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. உடனேயே எங்கள் பள்ளியில் அடக்கிவிட்டு, இடுப்பில் கிடந்த சாரன் துண்டைக் கழுவிக் காயவைத்து ராத்தாவிடம் கொண்டுவந்தார்கள். பள்ளி மரைக்கார் முற்றத்தில் நின்றார். ராத்தாவின் அண்ணன், அவர் காக்கா என்று கூப்பிடுபவர், அதை ஒரு ஓலைப் பெட்டியில் வைத்து உள்ளே நீட்டினார். ஒரு முழம் இருக்கும். ஓரத்துக் கிழிசலை மடித்துப் பச்சை நூலால் தைத்திருந்தது.

ராத்தா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாரன் அவருட மாதிரித்தான். இந்த மாதிரிச் சாரன் ஊரெல்லாம் இரிக்கு. இந்தத் தையல் என்ட இல்ல."

"தங்கச்சி" என்றார் காக்கா. "இன்னும் என்னத்தைப் பாக்கப் போற? முகம் இல்ல, ஒண்டும் இல்ல."

"அதான் காக்கா. முகம் இல்ல. நான் எப்படி ஓமெண்டு சொல்ற?"

மரைக்கார் வெளியிலிருந்தபடி மெதுவாகச் சொன்னார். "மகள், நாங்க வற்புறுத்தல்ல. உனக்கு உறுதியெண்டா இத்தா இரி. இல்லாட்டிக் காத்திரிக்கத்தான் வேணும்."

"எவ்வளவு காலம்?" என்று காக்கா கேட்டார். மரைக்கார் கையை வானத்துக்குக் காட்டினார்.

அந்த இடத்தில்தான் என் வாய் திறந்தது. நான் யோசித்து வைத்துச் சொன்ன பொய்யல்ல அது. ஆனால் சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்தவுமில்லை.

"அது நான் தச்சது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐப்பசியில ராத்தா காய்ச்சலாக் கிடந்தீங்கதானே. அப்ப மச்சான் சாரனை வேலியில கிழிச்சிட்டு வந்தாரு. நான்தான் தச்சுக் குடுத்தன்."

ராத்தாவுக்கு ஐப்பசியில் காய்ச்சல் வந்தது உண்மை. நான் சோறு கொடுத்ததும் உண்மை. மற்றதெல்லாம் பொய்.

"பச்சை நூல் உன்னட்ட இரிந்திச்சா?"

"தலையணை தச்ச நூல் மிச்சம் கிடந்திச்சு."

அவர் என் கிட்டே வந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல்களில் பன் வாசம். "நீ தச்சதுதான்? மெய்யா?"

"மெய்தான் ராத்தா."

அவருடைய தொண்டையிலிருந்து அதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. அந்தத் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு கீழே குந்திவிட்டார். மூன்று நாள் அழுதார். எனக்கு, அல்லாஹ் மன்னிக்கட்டும், நெஞ்சு லேசாயிற்று. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். ஊரில் எல்லோரும் மச்சான் இறந்துவிட்டார் என்றுதான் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். நடந்திருக்கக்கூடிய ஒன்றைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளை உடுத்து, உள்ளறையில் திரை கட்டி, கணவன் இறந்தவள் இருக்கவேண்டிய நாலு மாதமும் பத்து நாளும் ராத்தா இத்தா இருக்கத் தொடங்கினார். அந்த அறையில் வானம் இல்லை. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை அகல வெளிச்சம் மட்டும். முதல் மாதம் எதையும் கேட்கவில்லை. பிறகு ஒரு அந்தி, "தங்கச்சி, வெளியில முகிலா?" என்றார். "இல்ல ராத்தா, நல்ல வெளுப்பு." அவர் தூரக்கண்ணாடியை என்னிடம் தந்தார். "எனக்காக நீ பாரு. பாத்ததைச் சொல்லு."

இப்படித்தான் நான் அவருக்குக் கண்ணானேன். மஃரிபு முடிந்ததும் பின்வளவில் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்வேன். எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், எந்த மரத்துக்கு நேரே என்று கேட்டு எழுதுவார். வலப்பக்கத்தில் இப்போது வேறொரு சொல் விழுந்தது. "தங்கச்சி கண்டது." அவர் அதை எழுதும்போது நான் திரைப் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அந்த நாட்களில் ஓர் அந்தியில் நாய் போன சந்திரனை நான் உண்மையாகவே கண்டேன். வடமேற்கில் பாக்கு மரத்துக்கு மேலால் எழும்பி, மினுக்காமல், அவசரமில்லாமல், தலைக்கு நேரே வந்து, தென்கிழக்கே கடல் பக்கம் போய் நடுவானிலேயே மறைந்தது. உள்ளே ஓடி மூச்சு வாங்கச் சொன்னேன். ராத்தா என் கையைப் பிடித்து மூன்று தரம் சொல்ல வைத்தார். கணவர் போன பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். "கண்டிட்டியா! நீயாவது கண்டிட்டியே!" என்றார். நீளமாக, ஒரு பக்கம் முழுக்க எழுதினார்.

இத்தா முடிய இன்னும் பத்து நாள் இருக்கையில், பாலமுனையிலிருந்து ஒரு தாய் வந்தார். பஸ்ஸில் இறங்கி, பள்ளியில் விசாரித்து, எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்திருந்தார். கண் மங்கல். சுவரைத் தடவித் தடவித்தான் உள்ளே வந்தார். நான் திரைக்குப் பக்கத்தில் ராத்தாவோடு இருந்தேன்.

"என்ட மகன், இருபது வயசு" என்றார். "கூலிக்குப் போறன் எண்டுதான் போன. எங்க எண்டு சொல்லல்ல. மீன் வாடிக்குப் போயிரிப்பான் எண்டு பொத்துவில் வரைக்கும் தேடினன். அறுகம்பே வாடியெல்லாம் கேட்டன். இப்பதான் ஒராள் சொன்ன, அவன் சம்மாந்துறை வயல் பக்கம் வந்த எண்டு. இஞ்ச ஒரு மையத்து அடக்கினதாம். உங்கட புருசனாமே. மன்னிச்சுக்கோ மகள். கேக்காமப் போக மனம் வரல்ல."

"என்ன உடுத்திரிந்தாரு?" என்று ராத்தா கேட்டார்.

"சாரன்தான். கீழ் ஓரம் கிழிஞ்சு போன. நான் தச்சுக் குடுத்தன். வெள்ளை நூல் முடிஞ்சிட்டு, பச்சைதான் இரிந்திச்சு. 'பச்சையால தச்சா ஆக்கள் சிரிப்பாங்க உம்மா' எண்டான். எனக்குக் கண்ணும் தெரியா, முடிச்சுப் போட வரல்ல. நூலைச் சுத்திச் சுத்திக் கட்டி விட்டன். மொளி மாதிரி நிண்டிச்சு."

ராத்தா என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, அந்தத் துண்டை எடுத்து வந்து அந்தத் தாயின் கையில் வைத்தார். தாய் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை. விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். நூல் மொளி வந்த இடத்தில் விரல் நின்றது.

அந்த மொளியைப் பெருவிரலால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"உங்கட மகனைத்தான் எங்கட பள்ளியில அடக்கியிரிக்கு உம்மா" என்றார் ராத்தா. "யாசீன் ஓதி, தொழுவிச்சு, குறையில்லாம அடக்கின. அழ ஆளில்லாமக் கிடக்கல்ல அவரு. நாலு மாசமா நான் அழுதிரிக்கன்."

தாய் அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

அன்று அந்தத் தாயைப் பள்ளிக்கு அழைத்துப் போக காக்கா வந்தார். அவர்கள் போன பிறகு ராத்தா என்னை இருக்கச் சொன்னார். கத்துவார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"என்னத்துக்குப் புள்ள அப்படிச் சொன்ன?"

"நீங்க அழாம இரிந்ததை என்னால பாக்க ஏலல்ல ராத்தா."

தலையை ஆட்டினார். நான் சொன்னது உண்மை என்று அவருக்குத் தெரிந்தது போல. கொப்பியை மடியில் எடுத்து வைத்து, அந்த நீளமான பக்கத்தைத் திறந்தார்.

"அப்ப, இந்தச் சந்திரன்?"

"அல்லாட மேல ஆணை, அது மெய்யாக் கண்டன். மெய்யாக் கண்டன் ராத்தா."

"நீ கண்டிரிப்பாய்" என்றார். கோபமே இல்லை. "ஆனா எனக்கு இனி அது தெரியா."

பக்கத்தை வெட்டவில்லை, கிழிக்கவில்லை. கொப்பியை மூடி, வெள்ளையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, திரையை அவிழ்த்தார். அந்தியில் வெளியே வந்து வளவைக் கூட்டினார். நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

என்னோடு கதைக்காமல் விடவில்லை அவர். கறி கொடுத்தார், வாங்கினார். எனக்குப் பிள்ளை பிறந்தபோது நாற்பது நாளும் வந்து குளிப்பாட்டினார். ஆனால் எதையும் "கண்டியா?" என்று என்னிடம் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டதா என்றுகூட வேறொருவரிடம்தான் கேட்பார்.

அடுத்த வருடப் பிறப்பில் பத்திரிகையில் பெரிய சேதி. சந்திரனுக்கென்று விட்ட ரொக்கட் சந்திரனைத் தாண்டிப் போய், இனி எந்நாளும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்குமாம். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவரே பத்திரிகை கேட்டு என் கடப்படிக்கு வந்து, "வாசி" என்றார். வாசித்தேன். கேட்டு முடித்துவிட்டு, "நான் பாலமுனைக்குப் போறன் புள்ள" என்றார்.

அந்தத் தாயை அவர் மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்தது எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குக் கண் முழுதாகப் போய்விட்டதாம். சமைத்துக் கொடுக்க ஆளில்லை. காக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெண் பிள்ளை தன் வீட்டை விட்டுப் பிறத்தியார் வீட்டில் போய் இருப்பதா என்று கோபப்பட்டார். ராத்தா பன்பாய் ஒன்றில் உடுப்பைச் சுற்றிக் கட்டினார்.

பஸ்ஸுக்குப் போகும்போது வேலிப் பொத்தலடியில் நின்றார்.

"நீ இஞ்சதானே இரிப்பாய்?"

"ஓம் ராத்தா."

"அவரு வந்தா, நான் பாலமுனையில எண்டு சொல்லு. எனக்கும் ஆள் அனுப்பு."

"அனுப்புறன்."

"ஆக்கள் கண்டதாச் சொன்னா அனுப்பாத." முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு என்னை நேரே பார்த்தார். "நீ கண்டா அனுப்பு."

அவர் ஒழுங்கை முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆட்கள் எத்தனையோ தடவை வந்து சொன்னார்கள். மன்னம்பிட்டியில் கண்டோம், பொத்துவில் சந்தையில் அவரைப் போல ஒருவர், என்று. நான் கேட்டுக்கொண்டேன். ஆள் அனுப்பவில்லை. பாலமுனைக்கு நானே வருடத்தில் இரண்டு மூன்று தடவை போவேன். நான் படலையைத் திறந்ததும் அவர் என் முகத்தை ஒரு கணம் பார்ப்பார். பிறகு தேநீர் வைக்க எழுந்து போய்விடுவார். அந்தத் தாய் மவுத்தான பிறகும் அந்த வீட்டிலேயே பாய் இழைத்துக்கொண்டு இருந்தார். கொப்பி எழுதினாரா என்று நான் கேட்டதில்லை.

கடைசியாகப் போனபோது படுக்கையில் கிடந்தார். பல நாளாக ஆகாரம் இல்லை என்றார்கள். நான் கட்டிலடியில் போய் நின்றதும் கண்ணைத் திறந்து, அதே மாதிரி என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போகத்தான் முடியவில்லை. பார்த்துக்கொண்டே கிடந்தார்.

கண்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஒழுங்கையால் வந்தார், உங்களைக் கேட்டார், நாளைக்கு வருவார் என்று. அந்தச் சொற்களெல்லாம் என் நாக்கில் தயாராக இருந்தன. என்னைத் தவிர வேறு யாரும் பக்கத்திலும் இல்லை.

"காணல்ல ராத்தா" என்றேன்.

அவருடைய கை பாயிலிருந்து நகர்ந்து வந்து என் விரல்களைப் பிடித்துக்கொண்டது. "சரி புள்ள" என்றார்.